மேனேஜர் ஒதுக்கிய சோளம்

மேனேஜர் அன்று காலை சாப்பிடவில்லை. தொட்டியில் நான் கொட்டிய தீவனத்தை மூக்கால் ஒரு முறை கிளறினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அதை மூக்காலேயே சுவரோரமாக ஒதுக்கித் தள்ளிவிட்டு வைக்கோலில் போய்ப் படுத்துக்கொண்டாள். ஓட்டலில் ஆறிப்போன சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போகும் பெரிய மனுஷியைப் போல இருந்தது. எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது.

மேனேஜர் எங்கள் பண்ணையின் மூத்த தாய்ப் பன்றி. அப்போது நிறைசினை. பெயர் வைத்தது என் மனைவி. புதிதாக யார் கொட்டிலுக்கு வந்தாலும் கம்பி வழியே மூக்கை நீட்டி மேலும் கீழும் மோந்து பார்த்து, சரி, உள்ளே போகலாம் என்பதுபோல ஓர் உறுமல் உறுமினால்தான் அவளுக்குத் திருப்தி. எங்களுடையது சின்னப் பண்ணைதான். நீளமான ஒரு தகரக் கொட்டில், அதற்குள் தடுப்புத் தடுப்பாக அறைகள், கோடியில் தீவன அறை, அதை ஒட்டினாற்போல் எங்கள் வீடு. இதற்கு முதலாளி என் மனைவி. அவளுக்கு அடுத்தபடி மேனேஜர். நான் சமையல்காரன். இந்தப் பதவி வரிசையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சமையல்காரனுக்குத் தன் சமையல்மேல் கொஞ்சம் கர்வம் இருக்கத்தானே செய்யும். மக்காச்சோளம், தவிடு, சோயா புண்ணாக்கு, தாது உப்பு எல்லாவற்றையும் நானேதான் அரைத்துக் கலப்பேன். அரவை இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே மாவு என்ன பதத்தில் விழுகிறது என்று சொல்லிவிடுவேன். அப்படித்தான் வெளியில் சொல்லிக்கொள்கிறேன்.

மனைவியிடம் போய்ச் சொன்னபோது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேற்றே மேனேஜர் பாதியை மிச்சம் வைத்துவிட்டாள் என்றும், வெயிலாக இருக்கும், வயிற்றில் பிள்ளைகள் நெருக்கும், விடு என்றும் சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சிட்டிகை தீவனத்தை எடுத்து என் நாக்கிலேயே போட்டுப் பார்த்தேன். தவிடு தவிடாகத்தான் இருந்தது. அப்புறம் சமையல்காரன் புத்தி வேலை செய்தது. வெல்லப்பாகைத் தண்ணீரில் கரைத்து மேலே தாராளமாக ஊற்றிப் பிசைந்து வைத்தேன். மேனேஜர் எழுந்து வந்தாள். மோந்தாள். யோசித்தாள். வேண்டா வெறுப்பாகக் கொஞ்சம் தின்றாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு விசிலடித்தபடி அடுத்த அறைக்குப் போனேன்.

அடுத்த அறையில்தான் எனக்குத் தலைகால் புரியாத அதிசயம் காத்திருந்தது. பால் மறந்து அதிக நாள் ஆகாத பெண் குட்டிகள் அங்கே இருந்தன. எல்லாம் இன்னும் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி விளையாடுகிற வயசு. பருவத்துக்கு வர இன்னும் எவ்வளவோ காலம் கிடக்கிறது. ஆனால் அவற்றுக்கு வாலுக்குக் கீழே சிவந்து, பழுத்த பழம்போல வீங்கியிருந்தது. வளர்ந்த பன்றி ஆணைத் தேடும் சமயத்தில் எப்படி இருக்குமோ அப்படியே. ஒன்று இரண்டு அல்ல, அறை முழுக்க. நான் தடுப்பில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டே இருந்தேன். நம்முடைய கலவை அப்படி, நம்முடைய கைமணம் அப்படி என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். இவ்வளவு சீக்கிரம் பருவத்துக்கு வருகிற வர்க்கம் நம்மிடம் இருக்கிறதென்றால் இனிப் பண்ணையின் போக்கே வேறு அல்லவா. உடனே கைப்பேசியை எடுத்து என் மச்சினனைக் கூப்பிட்டேன்.

"மாப்ள, உன் சோளத்தத் தின்னுட்டு இங்க சின்னக் குட்டிங்க எல்லாம் வயசுக்கு வந்து நிக்குது. என்னத்த விதைச்ச நீ?" என்றேன்.

மறுமுனையில் அவன் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நெடுநாளாக யாரும் பாராட்டாத ஒருவன் சிரிக்கிற சிரிப்பு அது.

ஏன் முதலில் அவனைக் கூப்பிட்டேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சோளம் வெறும் சோளம் இல்லை. என் மச்சினன் கை வைக்காத தொழில் கிடையாது. வண்ண மீன் விற்றான், மீன்கள் செத்துப்போயின. சலவைக் கடை வைத்தான், அதே தெருவில் இன்னொருவன் பெரிதாக வைத்தான். வீட்டின் பின்னறையை இருட்டாக்கிக் காளான் வளர்த்தான், பை பையாகத் தொங்கவிட்டு மாதக்கணக்கில் தண்ணீர் தெளித்தும் ஒன்றுகூடத் தலை நீட்டவில்லை. எங்கள் வீட்டில் கேலி என்பது மூச்சு விடுகிற மாதிரி. அக்காவும் தம்பியும் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். ஆனால் ஒரு நாள் சொந்தக்காரர் வீட்டு விருந்தில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவனுடைய மாமியார், அடுத்து என்ன செய்வதாக இருக்கிறார் மாப்பிள்ளை என்று கேட்டார். என் மனைவி சிரித்துக்கொண்டே, இவன் எடுக்கிற எதுவும் உருப்படாது, அடுத்து எதை மூடப் போகிறான் என்று கேளுங்கள் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினான், போனான். அதன் பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

இவள் கூப்பிட்டால் அவன் மனைவிதான் எடுப்பாள். வேலையாக இருக்கிறார் அண்ணி என்பாள். ஒரு வருஷம் போயிற்று, அதற்கு மேலும் போயிற்று. என் மனைவி அழுது நான் பார்க்கவில்லை. ஆனால் அவன் பேச்சு வந்த அன்றெல்லாம் ஏற்கெனவே கழுவின கொட்டிலை மறுபடி கழுவுவாள். தண்ணீர்க் குழாயை மூட மாட்டாள். நான் போய் மூடினால், எதற்கு மூடினீர்கள் என்று சண்டைக்கு வருவாள்.

அப்படியிருக்கத்தான் இந்த அறுவடை முடிந்த கையோடு அவன் ஒரு நாள் டெம்போவில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். இறங்கவில்லை. ஹாரனும் அடிக்கவில்லை. இவள்தான் முதலில் பார்த்தாள். அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, குத்தகை நிலத்தில் தானே விதைத்தது என்றும், முதல் லோடு அக்காவுக்குத்தான் என்றும் சொன்னான். அவள் கேட்டைத் திறந்துவிட்டாள். இரண்டு கதவையும் திறந்தாள். ஒரு கதவே போதும் அந்த வண்டிக்கு.

வியாபாரியிடம் சோளம் வாங்கும்போது நான் பிடிக்கிற அடம் அந்தப் பக்கத்துக்கே தெரியும். மூட்டைக்குள் முழங்கைவரை கையை விடுவேன். அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து மோந்து பார்ப்பேன். ஒரு மணியைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடிப்பேன். டக்கென்று உடைந்தால் காய்ந்தது, அமுங்கினால் ஈரம், வண்டியைத் திருப்பு என்பேன். அன்று நான் கடிக்கவில்லை. மச்சினன் இத்தனை நாள் கழித்து அக்காவுக்கென்று கொண்டுவந்ததை அவன் கண்ணெதிரில் கடித்துப் பார்ப்பதா? அவனும் பெருமையாகச் சொன்னான். மழை வரும் என்றார்களாம். அறுத்த அன்றைக்கே குவித்து, தார்ப்பாய்க்கு மேல் தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் மண் அணைத்து, ஒரு பொட்டுக் காற்று புகாமல் மூடிவிட்டானாம். சபாஷ் என்றேன். முதுகில்கூடத் தட்டினேன். இப்போது நினைத்தால் அந்தக் கையை என்ன செய்யலாம் என்று இருக்கிறது.

குட்டிகளின் அதிசயத்தைக் காட்ட மனைவியை அழைத்துக்கொண்டு போனேன். அவள் சிரிக்கவில்லை. தடுப்பைத் தாண்டி உள்ளே இறங்கிக் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். நான் வெளியே நின்று, வர்க்கம், பரம்பரை, கைமணம் என்று அளந்துகொண்டிருந்தேன். அவள் பக்கத்து அறைக்குப் போனாள். அங்கே ஆண் குட்டிகள், காயடித்தவை. அதில் ஒன்றைப் பிடித்து மல்லாக்கத் திருப்பி மடியில் போட்டுக்கொண்டாள். அது கத்திய கத்தலில் ஊரே கூடியிருக்க வேண்டும்.

"இங்க வாங்க. இதுக்குக் காம்பு வீங்கியிருக்கு. இதுவும் வயசுக்கு வந்துடுச்சா?" என்றாள்.

உண்மையிலேயே வீங்கியிருந்தது. பெண் குட்டிக்கு வருவது போல. பரம்பரை, கைமணம் எல்லாம் அந்த இடத்திலேயே காற்றில் போய்விட்டது. டாக்டருக்குப் போன் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் மேனேஜரின் அறைக்குப் போய், சுவரோரம் ஒதுக்கிக் கிடந்த தீவனத்தைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டு நின்றாள். தவிடும் புண்ணாக்கும் அதிகம் மிச்சமில்லை. கிடந்ததெல்லாம் சோள நொய்.

கால்நடை டாக்டர் ஒரு இளம் பெண். ஸ்கூட்டரில் வந்து, பெட்டியிலிருந்து ரப்பர் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு, பேச்சு எதுவும் இல்லாமல் நேரே கொட்டிலுக்குள் போய்விடுவார். எங்களுக்கு அவரைப் பிடிக்கும். குட்டிகளைப் பார்த்தார், காயடித்தவற்றைப் பார்த்தார், மேனேஜரின் வயிற்றில் வெகுநேரம் கை வைத்து நின்றார். பிறகு தீவன அறைக்கு வழி கேட்டார். அவர் மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தார். நான் செய்திருக்க வேண்டியதை அவர் செய்துகொண்டிருந்தார். ஒரு மணியை நகத்தால் பிளந்து வெளிச்சத்தில் காட்டினார். முளைக்கிற இடத்தில் லேசாக ஒரு ரோஜா நிறம், சாக்பீஸ் தூள் படிந்ததுபோல. இன்னொரு மணி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதையும் நம்ப முடியாது என்றார்.

அவர் பொறுமையாக விளக்கினார். ஈரம் காயாத சோளத்தை மூடி வைத்தால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் செத்தாலும் அது விட்டுப்போன நஞ்சு சாகாது. அரைத்தாலும் போகாது, வேக வைத்தாலும் போகாது. கண்ணுக்குத் தெரியாது, நம் நாக்குக்கும் தெரியாது. அப்படிப்பட்ட நஞ்சுகளில் ஒன்று உடம்புக்குள் போய்ப் பெண்மைச் சுரப்பு மாதிரி நடிக்கும். "நடிக்கும்" என்றுதான் சொன்னார். பாவம் குட்டிகளின் உடம்பு, அந்த நடிப்பை நம்பிவிட்டது. இன்னொரு வகை பசியைக் கெடுக்கும். பெரியவள் ஒதுக்கி வைத்தது அதனால்தான் என்றார். நான் வெல்லப்பாகு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

தீவனத்தை இன்றைக்கே நிறுத்துங்கள், குட்டிகளுக்குச் சில வாரங்களில் வீக்கம் வடிந்துவிடும், பயமில்லை என்றார். நஞ்சைப் பிடித்து வெளியே தள்ளும் ஒரு பொடியைத் தீவனத்தில் கலக்கச் சொன்னார். சோதனைக்காக ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். மேனேஜரைப் பற்றிக் கேட்டாள் என் மனைவி.

"பெரியவ எவ்வளவு தின்னாங்கறதப் பொறுத்துதான்ம்மா. சிலது செத்துப் பொறக்கலாம். சிலதுக்குக் கால்ல பலம் இல்லாம போகலாம். ஒண்ணுமே இல்லாமயும் போகலாம். அவ ஒதுக்கினது நல்லதாப் போச்சு" என்றார்.

டாக்டர் போன பிறகு நாங்கள் இருவரும் தீவன அறையில் மூட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தோம். பன்றிகளைப் பற்றி எங்களுக்கு அவ்வளவு பயம் இல்லை. பன்றிகள் பிழைத்துக்கொள்ளும். அவள் பயம் எனக்குத் தெரியும். ஒரு தடவை அவள் வாயிலிருந்து விளையாட்டாக விழுந்த வார்த்தைக்கே தம்பி அத்தனை காலம் பேசாமல் இருந்தான். இப்போது அதே வாயால் நிஜமாகவே சொல்ல வேண்டும், உன் சோளமும் கெட்டுப்போயிற்று என்று. இனி ஒரு தடவை அவன் போனால் திரும்பி வர மாட்டான்.

நம் கூரை ஒழுகி மூட்டை நனைந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று கேட்டாள். தப்பு நம்மேல் இருக்கட்டும் என்றாள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கூரையில் ஒழுகுவதற்கு ஓர் இடத்தைக்கூட மனசுக்குள் தேர்ந்தெடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அவன் வீட்டில் இன்னும் குவியல் கிடக்கிறது. அதை யார் வாங்கப் போகிறார்கள், எந்தக் கொட்டிலில் கொட்டப் போகிறார்கள்? அடுத்த அறுவடையிலும் இதேபோல் மூடுவானே? சொன்னேன். நான் வேண்டுமானால் பேசட்டுமா, ஆம்பிளைக்கு ஆம்பிளை என்றேன்.

"வேணாம். அன்னைக்குப் பேசினது நான்தான். நானே பேசறேன்" என்றாள்.

எப்போது, எப்படி என்று நாங்கள் முடிவு செய்வதற்குள் மறுநாளே கேட்டில் ஹாரன் கேட்டது. இந்தத் தடவை தாராளமாக அடித்தான். டெம்போ நிறைய மூட்டைகள். இறங்கி வந்தவனுக்கு வாயெல்லாம் பல். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். நான் முந்தின நாள் போனில் சொன்னதை அவன் போகிற இடமெல்லாம் சொல்லியிருக்கிறான். எங்க அக்கா பண்ணையில் என் சோளத்தைத் தின்று குட்டிகள் சீக்கிரமே பருவத்துக்கு வந்துவிட்டன என்று. அதைக் கேட்டு வேறு இரண்டு பண்ணைக்காரர்கள் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இந்த லோடை மேனேஜருக்குப் பிள்ளைப்பேற்றுச் சாப்பாடாகக் கொண்டுவந்திருக்கிறான். என் நாக்கைப் பிடுங்கிப் பன்றித் தொட்டியில் போடலாம் போல இருந்தது. பன்றிகூட ஒதுக்கியிருக்கும்.

அவன் பின்கதவைத் திறந்து முதல் மூட்டையை இழுத்தபோது என் மனைவி அதன்மேல் கையை வைத்தாள்.

"எறக்காதடா தம்பி" என்றாள். அவன் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு சிரித்தான். அவள் கையை எடுக்கவில்லை. "இதுல பூஞ்சணம் புடிச்சிருக்கு. அது பன்னிக்கு நஞ்சாம். குட்டிங்க வயசுக்கு வரல, வீங்கியிருக்கு. டாக்டர் வந்து பாத்துட்டுப் போனாங்க. ஈரம் காயறதுக்கு முன்னாடி மூடிட்ட, அவ்வளவுதான். நாங்களும் பாக்காம கொட்டிக்கிட்டோம்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அன்னைக்கு நான் சொன்னது வாய்க்கொழுப்பு. அது பொய். இது நெசம், அதனால சொல்றேன். ரெண்டையும் ஒண்ணா வச்சுக்காத."

அவன் மூட்டையை உள்ளே தள்ளினான். பின்கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டான், அது சரியாக விழவில்லை, மறுபடி போட்டான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கேட்டை நான்தான் சாத்தினேன். அவள் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போனாள்.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து சத்தம் இல்லை. கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. நாங்கள் வியாபாரியிடம் புதுச் சோளம் வாங்கினோம். மூட்டைக்கு மூட்டை நான் கடித்த கடியில் எனக்குத் தாடை வலித்தது. வியாபாரி, அண்ணே, பாதியை நீங்களே தின்னுடுவீங்க போல இருக்கு என்றான். பழையதை எல்லாம் குழிவெட்டிப் புதைத்தோம். புதுத் தீவனத்தை மேனேஜருக்கு முதல் தடவை வைத்துவிட்டு நான் தள்ளி நின்று பார்த்தேன். கிளறவில்லை, ஒதுக்கவில்லை. தொட்டியின் மூலையைக்கூட விடாமல் நக்கி எடுத்துவிட்டு நிமிர்ந்து இன்னும் கொஞ்சம் என்பதுபோலப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

நாள் போகப் போகப் பெண் குட்டிகளுக்கு வீக்கம் வடிந்தது. மறுபடி ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி விழுந்து புரண்டன. காயடித்த பையன்களும் பழையபடி ஆனார்கள். சோதனை முடிவும் வந்தது, டாக்டர் சொன்னதேதான். காலையில் கொட்டிலைத் திறக்கும்போது எல்லாமாகச் சேர்ந்து கத்துகிற அந்தக் கத்தல் திரும்பி வந்துவிட்டது. பசியுள்ள பன்றி கத்துவதைப் போல நல்ல சத்தம் எனக்கு வேறெதுவும் இல்லை. நானும் அவளும் சாயங்காலம் தடுப்பில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்போம். சந்தோஷமாகத்தான் இருந்தது. டீ முடிந்ததும் அவள் கைப்பேசியை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பாள்.

மேனேஜர் குட்டி போட்டது ஒரு மத்தியானம். காலையிலிருந்தே வைக்கோலைக் கூடு மாதிரி குவித்துக்கொண்டிருந்தாள், அதனால் நாங்கள் தயாராக இருந்தோம். முதல் குட்டி அசையாமல் வந்தது. துடைத்தேன், தேய்த்தேன், மூக்கில் ஊதினேன். ஒன்றும் இல்லை. அதைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தேன். அடுத்தது உயிரோடு வந்தது, ஆனால் தரையில் விட்டதும் பின்னங்கால்கள் இரண்டும் இரண்டு பக்கமாக விரிந்து தவளைபோலப் படுத்துவிட்டது. முன்னங்காலால் தரையைப் பிறாண்டியது, நகர முடியவில்லை. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்தது நன்றாக எழுந்து நடந்து காம்பைத் தேடிப் போனது. இன்னொன்றும் உயிரில்லாமல் வந்தது. நல்லது ஒன்று, விரிந்த கால் ஒன்று என்று மாறி மாறி வந்துகொண்டிருந்தன. கால் ஊன்ற முடியாதவை காம்புக்குப் போகாது, பால் இல்லாமல் குளிர்ந்துபோகும், இல்லாவிட்டால் தாய் புரளும்போது விலக முடியாமல் நசுங்கும்.

டாக்டரைப் போனில் பிடித்தேன். வேறொரு பண்ணையில் இருந்தார். துணி பிளாஸ்திரி இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு பின்னங்கால்களையும் பிளாஸ்திரியால் ஒன்றோடொன்று சேர்த்துச் சுற்றுங்கள், நடுவில் கால் எட்டு வைக்கிற அளவு இடைவெளி விடுங்கள், இறுக்கக் கூடாது, தளரவும் கூடாது, சில நாளில் பலம் வந்துவிடும், பிறகு பிரித்துவிடலாம் என்றார். கேட்க எளிதாக இருந்தது. என் விரலில் சளியும் வைக்கோலும் ஒட்டிக்கொண்டு பிளாஸ்திரி என் கட்டை விரலில்தான் சுற்றியது, குட்டியின் காலில் சுற்றவில்லை. மனைவி மேனேஜரின் தலைமாட்டிலிருந்து எழ முடியாது, எழுந்தால் மேனேஜரும் எழுவாள்.

அப்போது தடுப்புக்கு வெளியே நிழல் தெரிந்தது. மச்சினன் நின்றுகொண்டிருந்தான். முகம், கை, தலை எல்லாம் சோளத் தூசி. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவன்தான் தொடங்கினான், தடுப்புக் கம்பியைப் பார்த்துக்கொண்டு. இரண்டு பண்ணைகளுக்கும் போய் விஷயத்தைச் சொல்லி, திட்டு வாங்கி, மூட்டைகளைத் திருப்பி எடுத்து வந்துவிட்டானாம். குவியலைப் பிரித்தபோது நடுவில் கை வைக்க முடியாத சூடாம். முழுதும் புதைத்தாயிற்றாம். போன் சார்ஜ் போடக்கூட நினைவில்லையாம்.

"காளான் போட்டேன்க்கா, தண்ணி தெளிச்சுத் தெளிச்சு உசுரு போச்சு, ஒண்ணுகூட மொளைக்கல. சோளம் போட்டேன், கேக்காமலே மொளைக்குது" என்றான்.

அவள் சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அவளால் அடக்க முடியவில்லை. மேனேஜரின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு உடம்பு குலுங்கச் சிரித்தாள், அப்புறம் அந்தக் குலுக்கல் வேறு மாதிரி ஆயிற்று. நான் பிளாஸ்திரியை நீட்டினேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் குழாயில் கழுவிக்கொண்டு உள்ளே வந்து வைக்கோலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

முதலில் சுற்றியது இறுகிவிட்டது, குட்டி கத்தியது, பிரித்தான். அடுத்தது தளர்ந்து அவிழ்ந்தது. அதற்குப் பிறகு பிடிபட்டுவிட்டது. நான் துடைத்துக் கொடுக்கக் கொடுக்க அவன் மடியில் படுக்கவைத்து, கால்களை மெதுவாகக் கூட்டி, ஒரு சுற்று, நடுவில் ஒரு திருப்பு, மறு சுற்று என்று சுற்றினான். மேனேஜர் மூச்சு விடுவதும், பிளாஸ்திரி கிழியும் சத்தமும்தான் கேட்டன. தகரக் கூரைக்குக் கீழே நல்ல புழுக்கம். அவன் நெற்றி வியர்வை மூக்கு நுனிவரை வந்து நின்றது, துடைக்கக் கை ஒழியவில்லை. அக்கா எட்டித் தன் தோள் துணியால் துடைத்துவிட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

கடைசியில் மிஞ்சியது எல்லாவற்றிலும் சின்னது. உள்ளங்கையில் அடங்கும். அதற்குக் காலும் மோசம், உடம்பும் மோசம். சுற்றி முடித்ததும் அதைத் தூக்கிக் காம்பில் வைத்துவிடு என்றேன் நான். அவன் அப்படிச் செய்யவில்லை. மேனேஜரின் வயிற்றுக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் விட்டு, அதன் பின்னால் கையைச் சுவர் மாதிரி நிறுத்தி வைத்தான். குட்டி ஒரு எட்டு வைத்தது. சறுக்கிப் பின்னால் சரிந்து கையில் உட்கார்ந்தது. எழுந்தது. கட்டின கால்கள் இரண்டையும் சேர்த்து ஒரு சின்னத் தாவல். மறுபடி சரிவு. கை நகர்ந்து நகர்ந்து அதன் பின்னாலேயே போயிற்று, தள்ளவும் இல்லை, தூக்கவும் இல்லை. குட்டி மற்றவற்றின் இடுக்கில் தலையை நுழைத்துத் தேடியது. ஒரு காம்பு கிடைத்தது. பிடித்துக்கொண்டது.

"கைய எடுடா. அதுவே நிக்குது" என்றாள் என் மனைவி.

"இருக்கட்டும்க்கா."

கை அங்கேயே இருந்தது. குட்டி குடிக்கக் குடிக்க அதன் வால் அவன் உள்ளங்கையில் பட்டுப் பட்டு ஆடிக்கொண்டிருந்தது.